சைலன்சரின் பின்சீட்

என் வீட்டுக்காரர் மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க அறுக்கிறவர், வீட்டுக்கு வந்தால் மட்டும் அறுக்க மாட்டார். வாயையே திறக்க மாட்டார். கல்யாணமான புதிதில் இதை ஒரு ஜோக்காக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே சிரிப்பு வராமல் போய்விட்டது. மில்லில் அவருக்குப் பட்டப்பெயர் சைலன்சர். நானும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன், வெளியில்தான் 'என்னங்க'.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த மில்லுக்குள் ஒருமுறை போய் நின்று பார்த்தால் தெரியும். பெரிய ரம்பம் சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. எல்லோர் காதிலும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. பேச்செல்லாம் கையால்தான். கட்டை விரலைத் தூக்கினால் ஏற்று, உள்ளங்கையைக் குறுக்கே வீசினால் நிறுத்து, இரண்டு விரலை மடக்கினால் பலகையைத் திருப்பு. இந்தப் பாஷையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சாப்பாட்டில் இரண்டு விரலை மடக்கினால் இன்னும் கொஞ்சம் போடு என்று அர்த்தம். உள்ளங்கையைக் குறுக்கே வீசினால் போதும். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போன் பண்ணி, "அப்பா என்ன பண்றாரும்மா?" என்று கேட்பாள். "கட்டை விரலைக் காட்டறாருடி" என்பேன். "நல்லா இருக்கேன்னு சொல்றாரா, இல்ல தண்ணி கேக்கறாரா?" என்பாள் அவள்.

அவர் செய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆற்றுக்கு இந்தச் சரிவில் ஒரு படை, அந்தச் சரிவில் ஒரு படை என்று நின்றுகொண்டு மாசக்கணக்கில் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். இப்போது சுட்டவனும் இல்லை, சுடப்பட்டவனும் இல்லை. இரும்பு மட்டும் இருக்கிறது. அன்றைக்குக் கன்றாக நின்ற மரங்கள், உடம்பில் பாய்ந்த குண்டுத் துண்டுகளை அப்படியே விழுங்கி, மேலே பட்டை மூடி, ஒன்றும் நடக்காதது போல வளர்ந்திருக்கின்றன. தெரியாமல் ரம்பத்தில் விட்டால் ரம்பத்தின் பல் தெறித்து ஆளையே கொன்றுவிடும். அதனால் ஒவ்வொரு மரத்தையும் முதலில் இவர்தான் சோதிப்பார். நுனியில் வளையம் வைத்த ஒரு கோலை மரத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போவார். இரும்பு இருந்தால் காதில் மாட்டிய ஹெட்போனில் இவருக்கு மட்டும் ஒரு கூவல் கேட்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, உளியால் தோண்டி எடுப்பார். இரும்பைச் சுற்றி மரம் நீலம் பாரித்திருக்குமாம். "பாம்பு கடிச்ச எடம் மாதிரி" என்று ஒருமுறை சொன்னார். எங்கள் தாம்பத்தியத்தில் அவர் எனக்குச் சொன்ன நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிள். ஆற்றை ஒட்டிப் போகும் பழைய சாலை ஒன்று இருக்கிறது. லாரி எல்லாம் மேலே புதுச் சாலைக்குப் போய்விட்டதால், கீழே ஈ காக்காய் இருக்காது. ஒரு பக்கம் ஆறு. இன்னொரு பக்கம், பழைய சண்டை நடந்த மேடு. பதுங்கு குழிகள் புல் மூடி, மடித்த போர்வை மாதிரி கிடக்கும். காட்டு ஓரத்தில், வெடிக்காத குண்டு இருக்கலாம், உள்ளே போகாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் இவர் தனியாகப் போய்த் தனியாக வருவார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இங்கே பேசாமல் இருப்பவர் அங்கே போய்ப் பேசாமல் இருந்துவிட்டு வருகிறார், அவ்வளவுதானே.

வினை, ஊர் சைக்கிள் கிளப் வடிவில் வந்தது. அதன் செயலாளர் முடிதிருத்தும் கடைக்காரர். கத்தரியைவிட வாய் வேகம். கிளப்புக்கு யாரோ ஓர் இரட்டைச் சைக்கிளைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், ஒன்றையொன்று இழுக்கும் செயின். பார்வை இல்லாதவர்களைப் பின்சீட்டில் வைத்து ஓட்டுவதற்கு. செயலாளர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணி, முன்னாடி உக்கார்றவருக்குக் கால்ல பலம் இருக்கணும், வாயில வம்பு இருக்கக் கூடாது. நம்ம அண்ணனை விட்டா வேற யாரு?"

"அவருக்கு வாயே கெடையாதே" என்றேன்.

"அதான் அண்ணி வேணும்!" என்றார்.

பின்சீட்டுக்கு வந்தவர், பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா. பிறவியிலேயே பார்வை இல்லை. போர்டு அம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் குரல் எனக்குப் புதிதல்ல. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். "மருந்துக்கடைங்களா? மூணாவது வார்டுல இருந்து பேசறாங்க, கொஞ்சம் இருங்க" என்று தினமும் போனில் கேட்கிற குரல்தான். பதமாக ஆற்றிய பால் மாதிரி இருக்கும். அந்தக் குரல் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, அப்போது.

மாசங்கள் போயின. ஒரு நாள் பேக்கரிக்காரர் மனைவி இருமல் மருந்து வாங்க வந்தாள். அவளும் கிளப்பில் ஓட்டுகிறவள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் என்னமா பேசறாரு! ஞாயித்துக்கெழமை அவரு பின்னாடியே ஓட்டிக்கிட்டு வந்தோம். இருமலே மறந்துபோச்சுக்கா."

"யாரு, எங்க வீட்டுக்காரரா? வேற யாராவது இருக்கும்."

"ரெட்டை சைக்கிள்காரருக்கா! ஆத்தைச் சொல்றாரு, மரத்தைச் சொல்றாரு, வானத்தைச் சொல்றாரு. அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலைங்கற கொறையே இல்லை."

வறட்டு இருமலுக்குக் கேட்டவளுக்கு சளி இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போனாள்.

வீட்டில் எலி வெளியில் புலி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டில் ஊமை, வெளியில் பிரசங்கியா? அவரிடம் நேரே கேட்டால் கை ஆட்டுவார். ஆகவே அடுத்த ஞாயிறு, பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கோ போகிறவள் மாதிரி ஆற்றுப் பாலத்தில் போய் நின்றேன்.

சைக்கிள் வளைவு திரும்பும் முன்பே குரல் வந்துவிட்டது. சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியவரின் குரல், தொடர்ந்து நாலு வாக்கியம் பேசினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"...தண்ணி இன்னிக்குக் கலங்கலா இருக்குங்க. மேல எங்கயோ மழை. கரையில நாணல் எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கெடக்கு, யாரோ சீப்பு வெச்சு வாரிவிட்ட மாதிரி. எதுத்த சரிவுல வட்ட வட்டமா பள்ளம், குண்டு விழுந்த எடம். இப்ப புல்லு மூடிப்போச்சு. ஆடு ஒண்ணு பள்ளத்துக்குள்ள எறங்கி மேயுது, அதோட முதுகு மட்டும் தெரியுது, வெள்ளைக் கல்லு நகர்ற மாதிரி..."

அப்போது என்னைப் பார்த்துவிட்டார். பேச்சு அப்படியே நின்றது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க? யாரு?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டது அந்தக் குரல்.

"வீட்ல" என்றார்.

என்னைக் கடந்து போய்விட்டார்கள். பாலத்தின் அந்தக் கோடிக்குப் போனதும் நாணலைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேச்சு மறுபடி தொடங்கியது.

நாணலுக்கு அவ்வளவு வார்த்தை. ஆட்டின் முதுகுக்கு ஓர் உவமை. பாலத்தில் மனுஷியாக நிற்கிற எனக்கு 'வீட்ல'. என்ன சேலை, என்ன முகம், ஏன் நிற்கிறாள், ஒன்றும் கிடையாது. ஊரில் எல்லா ஆண்களும் பெண்டாட்டியை அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அன்று அந்த வார்த்தை என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் சமையலறையில் வைத்துப் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது. நான் வெளியே, காற்றில், பாலத்தின் மேல்தானே நின்றுகொண்டிருந்தேன்?

பொறாமைதான். அதற்கு வேறு கௌரவமான பெயர் எனக்குத் தெரியாது. தப்பாக ஏதாவது இருந்திருந்தால்கூட ஒரு வழி உண்டு, சண்டை போடலாம், நாலு பேரைக் கூட்டலாம். அந்தம்மா என்னைவிட மூத்தவர், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர். என் புருஷன் இன்னொருத்தியிடம் ஆற்றைப் பற்றிப் பேசினார் என்று எந்தக் கோர்ட்டில் போய்ப் புகார் கொடுப்பது?

அன்று மதியம் சாப்பாடு போடும்போது கேட்டேன். "இன்னிக்கு ரோட்டுல என்னங்க பாத்தீங்க?"

"வழக்கம்தான்" என்றார். இரண்டு விரலை மடக்கினார். நான் இன்னும் கொஞ்சம் போட்டேன்.

அதற்கப்புறம் சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை செயலாளர் வந்து, போர்டு அம்மாவுக்கு நாளைக்கு டியூட்டி மாற்றிவிட்டார்கள், வர மாட்டார் என்றார். "பின்சீட்டு காலிதானே? நான் ஏறறேன்" என்றேன். வீட்டுக்காரர் உள்ளங்கையைக் குறுக்கே வீசினார். நிறுத்து என்று அர்த்தம். "மில்லுல போய் வீசுங்க" என்றேன். செயலாளர் சிரிக்காமல் இருக்க இருமினார்.

மறுநாள் காலை ஏறினேன். பெரிதாகக் கற்பனை பண்ணிக்கொண்டுதான் ஏறினேன். ஆறு வரும், நாணல் வரும், சீப்பு வரும், எனக்கும் ஓர் உவமை வரும் என்று. சைக்கிள் நகர்ந்தது. ஒன்றும் வரவில்லை. செயின் சத்தம் மட்டும் வந்தது.

இரட்டைச் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இது தெரியும். கண் இருந்து ஒரு புண்ணியமும் இல்லை. கண்ணுக்கு நேரே ஒரு முதுகு. சட்டைக் காலரில் தையல் பிரிந்த லேபிள். கழுத்தில் வழியும் வியர்வை. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் சைக்கிள் ஆடுகிறது, உடனே முன்னாலிருந்து ஒரு உறுமல். சாலை எங்கே வளைகிறது, எங்கே இறங்குகிறது, ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு பள்ளம், என் இடுப்பெலும்பு எண்ணெய் கேட்டது. திடீரென்று பிரேக், என் மூக்கு அவர் முதுகில். இறக்கத்தில் அவர் சொல்லாமல் பெடலை நிறுத்த, நான் மிதித்துக்கொண்டே இருக்க, செயின் இழுத்த இழுப்பில் முழங்கால் கழன்று விட்டதோ என்று இருந்தது.

போர்வீரர்கள் கல்லறை இருக்கும் மேட்டடியில் அவர் வழக்கம் போல நிறுத்தினார். எனக்குத் தெரியவில்லை. அவர் இடது காலை ஊன்றினார், நான் வலது பக்கம் சாய்ந்தேன். சைக்கிளோடு புல்லில் விழுந்தேன். அந்தப் பக்கம் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், எல்லாம் வயசுப் பிள்ளைகள். அவர்கள் எதிரில் நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"நிறுத்தப்போறேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கத்தினேன். "அவங்களுக்கு மட்டும் எல்லாத்தையும் சொல்றீங்களாமே!"

"அவங்களுக்குக் கண்ணு தெரியாது" என்றார், உண்மையாகவே குழம்பிப்போய். "உனக்குத்தான் தெரியுமே."

"எனக்கு என்ன தெரியுது? உங்க முதுகு தெரியுது. கல்யாணம் ஆனதுலேர்ந்து அதுதான் தெரியுது!"

அவர் என்னைத் தூக்கிவிட்டார். முழங்கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார். கொஞ்ச நேரம் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஏறு" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். "பள்ளம்." "பிரேக்." "வளைவு." "பள்ளம்." மில் மேஸ்திரி ஆளுக்கு உத்தரவு போடுகிற மாதிரி. அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. ஆறு என் பக்கத்தில்தான் ஓடியது. அது என்ன நிறம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மருந்துப் பெட்டியை நானே எடுத்துக்கொண்டு போனேன். பெட்டி ஒரு சாக்கு. அந்தம்மாவின் முகத்தை ஒருமுறை கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. மேஜை நிறைய பொத்தான்கள், ஒவ்வொன்றின் மேலும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு ஒட்டுப் புள்ளி. தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரு வார்டை இன்னொரு வார்டோடு சேர்த்துக்கொண்டே, "யாருங்க? செருப்புச் சத்தம் புதுசா இருக்கே" என்றார். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "அட, மருந்துக்கடைங்களா!" என்று முகம் மலர்ந்தார்.

"ஆமாங்க. சைக்கிள்காரர் வீட்லயும் நான்தான்" என்றேன். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ரெண்டும் ஒருத்தரா! அவரு சொல்லவே இல்லையே" என்றார். எப்படிச் சொல்லுவார். "ஞாயித்துக்கெழமை நீங்க ஏறினீங்களாமே. எப்படி இருந்துச்சு?"

"என்ன இருந்துச்சு. வாயே தொறக்கலை மனுஷன்."

"குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார்.

கேலி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே பெருமூச்சு விட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஆனா சரியான அறுவைங்க! ஒரு மரத்தை விட மாட்டாரு. இது எத்தனை அடி சுற்றளவு, அறுத்தா எத்தனை பலகை தேறும், கதவுக்கு ஆகுமா, கட்டிலுக்கு ஆகுமா, எல்லாம் சொல்லுவாரு. ஆறு அதுபாட்டுக்கு ஓடுது, அந்தச் சத்தத்தைக் கேக்கலாம்னா, ஆறு ஓடுதுங்கன்னு சொல்லுவாரு. எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது?" பொத்தானை அழுத்தி யாருக்கோ, "கொஞ்சம் இருங்க" என்றார். "வாரம் பூரா இந்தக் காதுல ஜனங்க வந்து விழறாங்க. எங்க அப்பா எந்த வார்டு, ஆபரேஷன் முடிஞ்சுதா, ஆளு இருக்காரா போயிட்டாரான்னு. ஞாயித்துக்கெழமை ஒரு நாள், சும்மா காத்து வாங்கிக்கிட்டுப் போகலாம்னுதான் சைக்கிளே ஏறினேன்."

"அவருகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்லுவேன்? இனாமா ஓட்டறாரு. மனசு ஒடஞ்சு போயிடுவாரு. நீங்கன்னா பக்குவமா சொல்லுவீங்க. பள்ளம், பிரேக், வளைவு, அது போதும்னு சொல்லுங்க."

வெளியே வந்தபோது என் காதிலிருந்து புகை வந்திருக்கும். நான் பசியோடு ஏங்கிக் கிடக்கிற சோற்றை இந்தம்மா உப்பில்லை என்று தள்ளிவிடுகிறார். அதுகூடப் பரவாயில்லை. என் புருஷனை அறுவை என்று சொல்ல இவர் யார்? அப்படிச் சொல்ல உரிமைப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள். பாவி மனுஷன் அவளைத்தான் ஒருநாளும் அறுத்ததில்லை.

பாதி வழியில்தான் எனக்கு வேறொன்று உறைத்தது. குடுமி இப்போது என் கையில். அந்தம்மா சொன்னதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னால் போதும். மனுஷன் வாயை மூடிவிடுவார். எங்கேயும், யாரிடமும், ஆயுசுக்கும் திறக்க மாட்டார். எனக்கு இல்லாதது அந்தம்மாவுக்கும் இருக்காது. கணக்கு நேராகிவிடும். வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தையை நாக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அவர் சாப்பாட்டு மேஜையில், விளக்குக்கு அடியில் உட்கார்ந்து, ஊசியால் உள்ளங்கையில் ஏறியிருந்த மரச் சிலாம்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

"போர்டு அம்மாவைப் பாத்தேன். உங்களைப் பத்திப் பேசினாங்க" என்றேன்.

ஊசி நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்னாங்க?"

அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுப் பல காலம் ஆகிறது. நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். "நான் சொல்றது அவங்களுக்குப் புரியுதாமா? எனக்குச் சரியா சொல்ல வருதோ இல்லையோன்னு இருக்கு. மில்லுல காதை மூடிக்கிட்டு நிக்கறேன்ல, அந்தச் சத்தத்துல நான் பேசினா எனக்கே கேக்காது. அதனால தைரியமா பேசிப் பாப்பேன். நாணலை எப்படிச் சொல்றது, மேட்டை எப்படிச் சொல்றதுன்னு. பக்கத்துல நிக்கறவன் நான் பாட்டுப் பாடறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கான்."

வாரம் முழுக்க ஒத்திகை! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"எனக்காக ஒரு வார்த்தையாவது ஒத்திகை பாத்தீங்களா?"

"உனக்கு எதுக்கு ஒத்திகை?" என்றார்.

அது பாராட்டா, திட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். சிலாம்பு பாதி வெளியே வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் முடியவில்லை. அதற்காக எல்லாவற்றையும் அந்தம்மாவுக்கே விட்டுக்கொடுக்கவும் நான் தியாகி இல்லை.

"ரொம்ப நல்லா சொல்றீங்களாம்" என்றேன். "அந்த ரோடே அவங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சாம். இனிமே பள்ளம், பிரேக், வளைவு மட்டும் சொன்னா போதுமாம். மத்ததை வீணாக்க வேண்டாம், வீட்டுல போய்ச் சொல்லுங்கன்னாங்க."

"வீட்டுலயா?"

"ஆமா. வீட்ல."

பிறகு கட்டை விரலைத் தூக்கினார். நான் அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "வாயால சொல்லுங்க" என்றேன்.

"சரி" என்றார்.

அந்த ஞாயிறு சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தார். குளித்தார். என் எதிரில் வந்து, இண்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். ஆரம்பித்தார்.

அந்தம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் பேச்சு முதல் பாலம் தாண்டுவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஒரு மரத்தை விடவில்லை. அது எத்தனை பலகை, இது எத்தனை பலகை, இதற்குள் இரும்பு இருக்க வாய்ப்பு, அதற்குள் பூச்சி அரிக்க வாய்ப்பு. மூடிய வாயைத் திறக்க வைத்தவளே நான்தானே என்று விரலை நெட்டி முறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் நடுநடுவே, அவரே எதிர்பார்க்காமல், ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. பதுங்கு குழிக்குள் தேங்கிய மழைத் தண்ணீரில் ஒரு வாத்து தன் குஞ்சுகளோடு நீந்தியதாம். "ஆளு உசரத்துக்குத் தோண்டின குழி. அதுக்கு அது போதுமா இருக்கு" என்றார். கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது.

கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு பெயரைச் சொன்னார். எந்த ஊர்ப் பெயரோ, எனக்கு நாக்கு புரளவில்லை.

"யாருங்க அது?"

"கல்லுல இருக்கறவன். மேட்டுல நிறுத்தும்போது வாரத்துக்கு ஒரு கல்லு, ஒரு பேரு படிப்பேன். வரிசையில விட்ட எடத்துலேர்ந்து. பத்தொம்பது வயசு."

"இன்னிக்கு அவங்களுக்கும் படிச்சீங்களா?"

"இல்லையே. பள்ளமும் பிரேக்கும் போதும்னு நீதானே சொன்ன."

எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சில வாரம் போயிற்று. கடைக்கு போன் வந்தது. வார்டு எதையும் இணைக்காமல், போர்டு அம்மாவே பேசினார்.

"ரொம்ப நன்றிங்க. என்ன அமைதி, என்ன காத்து! நான் கேட்ட மாதிரியே பக்குவமா சொல்லிட்டீங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணு. அந்தக் கல்லறை மேட்டுல ஒரு பேரு படிப்பாரு. அதையும் சேத்து நிறுத்திட்டாருங்க. நின்னு, சும்மா திரும்பிடறோம். மரம் எல்லாம் வேண்டாம். அந்தப் பேரு மட்டும் படிக்கச் சொல்றீங்களா? பாவம், வரிசையில யாரோ விட்டுப்போற மாதிரி இருக்கு."

"யாரும் விட்டுப்போகலைங்க" என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒருத்தரும் விட்டுப்போகவில்லை. எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள், ஞாயிறுதோறும், ஒவ்வொருவராக.

"சொல்லிப் பாக்கறேங்க" என்றேன்.

சொல்லியிருக்கலாம். ஒரு பெயர்தானே. அவர் வாய் என்ன வற்றிப்போகவா போகிறது? ஒரே பெயரை அங்கே ஒருமுறையும் இங்கே ஒருமுறையும் சொன்னால் எனக்கு என்ன குறைந்துவிடும் என்று அன்று முழுக்க, மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். வைக்கோல்போர் நாயாவது வைக்கோலைத் தின்னாது. நான் தின்றுகொண்டே குரைக்கிறேன். அவ்வளவும் தெரிகிறது. தெரிந்து என்ன? அங்கே ஒருமுறை சொல்லிவிட்டு வந்தால், எனக்குக் கிடைப்பது இரண்டாவது முறை.

அந்த ஞாயிறும் அவர் வந்தார், குளித்தார், எதிரில் உட்கார்ந்தார். மரங்களை எல்லாம் சொல்லி முடித்தார். ஆறு பச்சையாக இருந்ததாம். மேட்டுக்கு வந்துவிட்டார், நிறுத்தி மூச்சு வாங்கினார். பக்கத்து வீட்டில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "இன்னிக்கு யாருங்க?" என்று கேட்டேன்.